பவுனம்மாளின் வாயில் இருந்த மிட்டாய்

கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் இருந்த அந்த ஸ்குரூ கம்பெனிக்கு யார் போன் போட்டாலும் முதலில் கேட்பது பவுனம்மாளின் குரலைத்தான். "குட் மோர்னிங், சின் சுவீ ஸ்குரூ சப்ளை!" என்று அவள் சொல்கிற அழகு இருக்கிறதே, ஆணி வாங்கப் போன் போட்டவன்கூட இன்னும் ரெண்டு பெட்டி கூடச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பான். "இந்தப் பொண்ணு லீவு போட்டா வியாபாரமும் லீவு" என்று சீன முதலாளியான தவுக்கேயே சொல்லியிருக்கிறார். சும்மா புகழ்கிற ஆள் இல்லை அவர்.

நேரில் பார்த்தவர்களுக்குத் தெரிந்த பவுனம்மாளோ வேறு. தலையைக் குனிந்துகொண்டு பேசுவாள். சிரிப்பு வந்தால் சட்டென்று கை வாய்க்குப் போய்விடும். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பார்க்கிற பெண்களெல்லாம் "என்ன அடக்கம், என்ன அடக்கம்" என்று மெச்சுவார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் பல்லை மறைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சின்ன வயதில் பல்வரிசை லட்சணமாகத்தான் இருந்தது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துப் படுக்கையில் விழுந்தவர். அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே பவுனம்மாளின் கல்யாண வயது ஓடிவிட்டது. அதே வருஷங்களில் கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுப்போய்ப் பிடுங்கினார்கள். பின்னால் இன்னொன்று. இடம் காலியானதும் மற்ற பற்கள் சும்மா இருக்குமா? பக்கத்து வீடு காலியாக இருந்தால் வேலியைத் தள்ளிப் போடுகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு அந்தப்புறம் சந்து விழுந்தது. அப்பா காலமாகி, எல்லாம் ஓய்ந்து, ஒருநாள் நிதானமாகக் கண்ணாடியைப் பார்த்தபோது, "இது யாருடைய வாய்?" என்று அவளே திகைத்துப்போனாள்.

போகட்டும், அந்தக் கோணல் வாயோடே காலத்தை ஓட்டியிருப்பாள். மேருவிலிருந்து ஒரு போன் வராமல் இருந்திருந்தால்.

கிள்ளானைத் தாண்டி மேருவில் நாற்காலி மேசை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கார்த்திகேசு ஸ்டோர் கிளார்க். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கையில் நாற்பதைத் தாண்டியிருந்த மனிதர். ஸ்குரூ வேண்டுமென்று போன் போட ஆரம்பித்தவர், பிறகு ஸ்குரூ வேண்டாத நாளிலும் போட ஆரம்பித்தார். மேருவில் மழையா, கிள்ளான் ரோட்டில் ஜாமா, இன்றைக்குக் கேண்டீனில் என்ன குழம்பு என்று ஏதாவது ஒரு சாக்கு. பவுனம்மாளுக்கும் அந்த நேரம் வந்தால் கை தானாக ஹெட்செட்டைச் சரிசெய்யும். லோரி ஓட்டுநர், கணக்கர், வாடிக்கையாளர் எல்லாரும் அவளுக்கு 'அண்ணே'. இவர் மட்டும் 'மிஸ்டர் கார்த்திகேசு'. முதல் நாளிலிருந்தே அண்ணே என்ற வார்த்தை இவரிடம் மட்டும் அவள் வாயில் வரவில்லை. இதைக் கண்டுபிடித்ததே அக்கா மாரியாயிதான்.

"ஊருல உள்ள ஆம்பளைங்க எல்லாம் ஒனக்கு அண்ணே. அது யாருடி ஒரு மிஸ்டர்?"

"கஸ்டமர் லா, அக்கா."

"நல்ல கஸ்டமர்! பேரைச் சொன்னா ஒனக்குக் காது வரைக்கும் செவக்குது."

ஒருநாள் கார்த்திகேசு கேட்டேவிட்டார். "ஒருவாட்டி நேர்ல பாக்கலாமா, பவுனு? பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு. நானே வரேன்." பவுனம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநொடியே நாக்கு அந்தக் கோணல் பல்லைத் தொட்டது. "ஆபீஸ்ல ஸ்டாக் எடுக்கிறாங்க, பெறகு பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கழிப்பறைக் கண்ணாடியின் முன்னால் நின்று தன் பல்லைத் தானே திட்டித் தீர்த்தாள். குரலைக் கேட்டு ஆசைப்பட்ட மனிதர், வாயைப் பார்த்து முகம் சுளித்துவிட்டால்? அது ஒன்றுதான் அவளுக்குப் பயம். மற்றதற்கெல்லாம் தைரியம் இருந்தது.

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் குணேஸ்வரியின் பல் கிளினிக் படியேறினாள். படிக்கட்டில் அவளோடு காத்திருந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாய் நிறையக் கம்பி. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிவிடலாமா என்று எழுந்தவளை உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் கோலாலம்பூர்தான், ஆனால் தாயார் பேசிய பேச்சு வாயை விட்டுப் போகவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பிறவிக் கோணல் இல்லைப் பிள்ளை. இடம் கிடைச்சவுடனே நகர்ந்திருக்கு. நகர்ந்த பல்லு திரும்பவும் நகரும். வடிவா வரும், பயப்பிடாதேங்கோ" என்றார்.

"இந்த வயசுலயா, டாக்டர்?"

"பல்லுக்கு உங்கட வயசு தெரியுமே?"

பவுனம்மாள் வாயில் கருவி இருக்கும்போதே சிரித்துவிட்டாள்.

"கம்பி வேணாம் டாக்டர். நான் போன்ல பேசற ஆளு. நாலு பேரு பாத்தா என்னா நெனப்பாங்க?"

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் உறை, பல்வரிசையின் வடிவில். வெளிநாட்டில் படிக்கும்போது கற்றுக்கொண்டு வந்தாராம். முதலில் வாயை அச்செடுத்து மாவுக்கட்டு போடுகிற மாவில் பல்வரிசை வார்ப்பார்கள். அந்த மாவுப் பல்லைத் துளியூண்டு நகர்த்தி வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக்கைச் சூடு காட்டிப் படியவைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டால் நிஜப் பல்லும் அந்த இடத்துக்கு வர ஆசைப்படும். வந்ததும் அடுத்த உறை. பெரிய கோணலுக்கெல்லாம் இது சரிப்படாது, உங்களுக்குச் சரிப்படும் என்றார் டாக்டர். பவுனம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரலே தெரிந்தது. கண்ணில் படாமல் பல்லை நேராக்குகிற சாமான்! கழுத்துச் சங்கிலியை மாற்ற வைத்திருந்த பணத்தை அந்த இடத்திலேயே மனதுக்குள் பல்லுக்கு எழுதிவிட்டாள்.

வீட்டில் மாரியாயி அதற்குப் 'பல்லு கவர்' என்று பெயர் வைத்தாள். "சோபாவுக்குக் கவர் போட்டுப் பாத்திருக்கேன். பல்லுக்குக் கவரு இப்பதான் பாக்கறேன். இந்த வயசுல மினுக்கு கேக்குதாம்!" என்று கேலி செய்தாள். செய்தாளே தவிர, தங்கைக்காகக் குழம்பில் கறியைப் பஞ்சாக வேகவைத்ததும் அவள்தான்.

முதல் நாள் ஆபீஸில்தான் வேடிக்கை. கவரைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். "குட் மோர்னிங், ஷின் ஷுவீ ஷ்குரூ ஷப்ளை!"

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கடைக்காரர் "சாலா நம்பர், சாலா நம்பர்" என்று மலாயில் முணுமுணுத்து, தப்பான நம்பர் என்று போனை வைத்துவிட்டார். தவுக்கே அறையிலிருந்து தலையை நீட்டினார். பவுனம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது. கம்பெனிக்குப் பெயர் வைத்தவர் இப்படி வரிசையாக 'ஸ்' போட்டா வைக்க வேண்டும்! அந்த நேரம் பார்த்து மேருவிலிருந்து மணி அடித்தது.

"என்னாச்சு பவுனு? பேச்சு ஒரு மாதிரி வருது?"

"ஒண்ணுமில்ல மிஷ்டர் கார்த்திகேஷு... வாயில மிட்டாய்."

"அட, மிட்டாய் பிடிக்குமா ஒங்களுக்கு? சொல்லவே இல்லையே!"

மறுநாள் லோரி ஓட்டுநர் ஸ்குரூ இறக்கிவிட்டுத் திரும்பி வருகையில் கையில் ஒரு பொட்டலம். கிள்ளான் கடைத்தெருவில் வாங்கிய இஞ்சி மிட்டாய். 'மேரு கிளார்க் கொடுத்தாரு' என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். கவரோடு மிட்டாய் தின்னக்கூடாது, கவரைக் கழற்றி மிட்டாய் தின்றால் டாக்டர் கொன்றுவிடுவார். பொட்டலத்தை மேசை இழுப்பறையில் வைத்து, அவ்வப்போது திறந்து வாசனை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

நாளாக நாளாகப் பேச்சு திருந்திவிட்டது. ஆனால் ஒவ்வொரு புதுக் கவர் போடும்போதும் பல் இறுகும், ஈறு கடுக்கும், 'ஸ்' வழுக்கும், கார்த்திகேசு 'இன்னிக்கும் மிட்டாயா?' என்பார், அடுத்த லோரியில் பொட்டலம் வந்து சேரும். இழுப்பறை நிரம்பி வழிந்தது. அவளுக்கு மட்டும் அந்த வலி வலியாகவே தெரியவில்லை. நகருகிறதே, நகருகிறதே என்று உள்ளுக்குள் குதித்தாள். ரோஸ் நிற மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது நாக்கால் பல்லைத் தடவிப் பார்ப்பாள். ஏறி உட்கார்ந்திருந்த பல் இறங்கிக்கொண்டிருந்தது. சந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தவள் "அக்கா!" என்று போட்ட கூச்சலில் மாரியாயி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், தங்கையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

கடைசிக் கவரைக் கொடுக்கும்போது டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். "பல்லு வந்திட்டுது. ஆனா வந்த இடத்தில இன்னும் வேர் பிடிக்கேல்லை. இது பிடிச்சு நிப்பாட்டுற கவர். சாப்பிடேக்க மட்டும்தான் கழட்டலாம். துலைச்சீங்களெண்டா பல்லு பழைய இடத்துக்கு நடக்கத் தொடங்கிடும். நான் லண்டனுக்கு மகளிட்டைப் போறன், திரும்பி வரும்வரைக்கும் வேற செய்து தர ஆள் இல்லை."

"உயிரைத் தொலைச்சாலும் இதைத் தொலைக்க மாட்டேன் டாக்டர்."

சொன்ன வாய்தான். அந்த வாயோடு போய் மேருவுக்குத் தானே போன் போட்டாள். "மிஸ்டர் கார்த்திகேசு, ஸ்டாக் எடுத்து முடிச்சாச்சு. எப்ப வரீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மதியம். பவுனம்மாள் மாம்பழ நிறச் சேலை கட்டி, அக்காவின் நல்ல கைப்பையை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கவர் வைக்கிற சின்னப் பெட்டி, ஆபீஸுக்குக் கொண்டுபோகிற பழைய பையிலேயே தங்கிவிட்டது. அந்தப் படபடப்பில் அது எங்கே நினைவுக்கு வரும்?

சாப்பாட்டுக் கடை வாசலில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றிருந்தார் கார்த்திகேசு. ஒல்லியான ஆள், முன்தலையில் கொஞ்சம் வழுக்கை ஏறியிருந்தது, கையில் வழக்கம்போல் மிட்டாய்ப் பொட்டலம். "பவுனு?" என்றார். அந்தக் குரலே போதும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உள்ளே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். சோறு வந்தது. அப்போதுதான் பவுனம்மாளுக்குப் பகீரென்றது. கவர் வாயில்! கழற்றாமல் சாப்பிட முடியாது. பெட்டி இல்லை. மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளையாக அவர் கை கழுவ எழுந்து போனார். அவள் சடாரென்று முகத்தைத் திருப்பிக் கவரைக் கழற்றினாள். புதுச் சேலையில் வைக்க மனம் வரவில்லை. தன் பக்கத்து இலை ஓரத்தில் வைத்துத் தண்ணீர் டம்ளரை அதற்கு முன்னால் நகர்த்தி மறைத்தாள். பச்சை இலையில் அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் இருப்பதே தெரியவில்லை.

சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். கார்த்திகேசு தவுக்கேயைப் போலப் பேசிக் காட்டினார். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கையும் வாய்க்குப் போனது, இடது கை. பல்தான் நேராகிவிட்டதே, பழக்கம் நேராக வேண்டாமா?

சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிற ஆள் டம்ளரை எடுத்துவிட்டார். மறைவு போய்விட்டது! கவர் பளிச்சென்று வெளிச்சத்தில் மின்னியது. கார்த்திகேசு குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. பதறிப்போன பவுனம்மாள் தன் பக்கத்து இலைப் பாதியைத் தூக்கி, அவர் பக்கமாகத் தள்ளி, பட்டென்று மடித்துவிட்டாள். கவர் உள்ளே போய்விட்டது. அப்பாடா!

அவள் என்ன செய்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு நிலைக்கட்டும் என்று. வெளிப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில், இது இனி வேண்டாம் என்பதற்கு. கார்த்திகேசுவின் முகம் சுருங்கிப்போனது. "சரி... கெளம்பலாம்" என்றார். காசு கொடுக்கப் போனவர் திரும்பியே பார்க்கவில்லை. என்ன ஆயிற்று இவருக்கு என்று விழித்தபடி பவுனம்மாள் அவசரமாகக் கை கழுவிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

பஸ் நிறுத்தம்வரை அவர் முன்னால், அவள் பின்னால். பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு கார்த்திகேசு சொன்னார். "நேர்ல பாத்ததும் பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாம், மிஸ் பவுனம்மாள். நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

பவுனு போய் மிஸ் பவுனம்மாளா! பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு பல்லில் பட்டது. வெறும் பல்.

"ஐயோ! கவரு!"

"என்னா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கவரும் போய், மனிதரும் போய் நிற்பதற்குப் பதில் ஒன்றாவது மிஞ்சட்டும். நடுரோட்டில் நின்று கொட்டித் தீர்த்துவிட்டாள். "என் பல்லு கோணல். ஒங்களப் பாக்கணும்னுதான் நேராக்கினேன். பிளாஸ்டிக் கவரு. எலை ஓரத்துல வெச்சேன். நீங்க பாத்துடுவீங்கன்னு எலைய மூடிட்டேன். டாக்டர் லண்டன் போயிட்டாங்க. அது இல்லன்னா பல்லு மறுபடியும் கோணலாப் போயிடும்!"

கார்த்திகேசு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "கவர மறைக்கத்தான் எலைய அந்தப் பக்கமா மடிச்சீங்களா?"

"எந்தப் பக்கமா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அட கடவுளே, வெளிப்பக்கமாவா மடிச்சேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாற்பதைத் தாண்டிய மனிதர், மாம்பழச் சேலைக்காரியோடு, ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில், அப்படி ஒரு ஓட்டம்.

கடைக்காரம்மா தங்கமணி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா, நகையா தொலைச்சிட்டே?"

"பல்லு, ஆன்டி!"

"பல்லா! இந்த வயசுலயே பல்லு செட்டா?" அடுக்களை முழுக்க அந்தச் செய்தி பரவி, ஆளுக்காள் எட்டிப் பார்த்தார்கள். பின்கட்டில் எச்சில் இலை வாளி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. பவுனம்மாளுக்கு மனம் விட்டுப்போயிற்று. இத்தனை இலையில் எது தன் இலை? கார்த்திகேசுவோ சட்டைக் கையை மடித்துவிட்டு வாளியின் முன்னால் குந்தினார்.

"கவலப்படாதீங்க. இங்க சாப்பிட்டவங்க எல்லாம் எலைய உள்பக்கமா மடிச்சிருப்பாங்க. வெளிப்பக்கமா மடிச்ச புண்ணியவதி நீங்க ஒருத்திதான்."

இருவருமாக இலைகளை எடுத்துப் பார்த்தார்கள். குருத்தும் காம்பும் கவனித்து மடிப்பைப் பார்ப்பார் அவர். உள்பக்கம், தள்ளு. உள்பக்கம், தள்ளு. ரசமும் பருப்பும் மோரும் முழங்கைவரை வழிந்தன. "இது!" என்று கத்தினார். பிரித்தார். பருப்பில் குளித்தபடி கவர் கிடந்தது. உடையவில்லை, நசுங்கவில்லை.

"குடுங்க, சுடுதண்ணியில அலசித் தரேன்" என்று அடுக்களைக்காரர் கையை நீட்டினார்.

"வேணாம்! வளைஞ்சுடும்!" என்று பவுனம்மாள் அலறியதில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

கார்த்திகேசுவே குழாய்த் தண்ணீரில் கழுவினார். வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இத்தன மாசமா ஒங்க வாயில இருந்த மிட்டாய் இதுதானா?"

பவுனம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. கை வாய்க்குக் கிளம்பியது. கிளம்பிய கையில் பருப்பு, மற்றக் கையில் ரசம். மறைக்க ஒன்றுமில்லை. அப்படியே வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். தங்கமணி சிரித்தார், அடுக்களைக்காரர் சிரித்தார். கார்த்திகேசு மட்டும் சிரிக்காமல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன்ல ஒங்க சிரிப்பு பாதிதான் வரும், பவுனு. டக்குன்னு அடைஞ்சிடும். தவுக்கே வந்துட்டாரு போலன்னு நெனச்சுக்குவேன். மிச்சப் பாதிய இன்னிக்குத்தான் கேக்கறேன்."

பவுனம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை.

அவர் அந்த இலையை மறுபடி எடுத்தார். ஈரத் தரையில் விரித்து வைத்து, நிதானமாக, உள்பக்கமாக மடித்தார். மடித்ததை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப சரியா?"

"சரி, கார்த்தி" என்றாள் பவுனம்மாள். கவர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.